“போட்டுட்டாளா?” என்று கேட்ட பத்மா

பத்மாவின் மரணச் செய்தியை உங்கள் எல்லாருக்கும் போன் பண்ணிச் சொன்னவள் நான்தான். எனக்கு யாரும் போன் பண்ணவில்லை. விடியற்காலை விளக்கேற்றித் தேவாரம் பாடி முடித்து, வழக்கம்போல் கைப்பேசியைத் திறந்தேன். ரயில் நேர மாற்றத்துக்குக் கீழே, மரண அறிவித்தல் தளத்திலிருந்து புதிதாக ஒரு வரி வந்து நின்றது. “ரத்தோட்டையைப் பிறப்பிடமாகவும் மாத்தளையை வசிப்பிடமாகவும் கொண்ட…” என்று தொடங்கி, பத்மாவின் பெயர். ஒப்பரேஷனுக்காகக் கொழும்பில் மகள் வீட்டுக்குப் போனவள். “வந்து உங்க பச்சை பிளவுஸை முடிச்சுத் தாரேன்க்கா” என்று சொல்லிவிட்டுப் போனவள்.

அழுதேன், அம்மன் அறிவாள். ஆனால் அழுகைக்கு ஒரு நொடி முன்னால் இன்னொன்றும் வந்தது. இத்தனை வருஷத்தில் பத்மாவுக்கு முந்தி எனக்குத் தெரிந்த ஒரே செய்தி இதுதான் என்ற நினைப்பு. முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரச் சொல்லி அவள் மகள் கேட்டபோது, இதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதக் கை வரவில்லை.

பத்மா வருவதற்கு முன் நம் வெள்ளிக்கிழமைக் கோயில் கூட்டத்தில் எல்லாரும் என்னைத்தான் கேட்பீர்கள். “கமலாக்கா, ரிசல்ட் வந்திருச்சா?” “கமலாக்கா, அந்த அறிவித்தல் போட்டுட்டாங்களா?” எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். கணினியும் கைப்பேசியும் நானாகப் பழகியவை. சி.ஆர். கொப்பி என்கிற தடித்த நோட்டில் இருபத்திரண்டு இணையத்தளங்களின் விலாசங்களை எழுதி, நாளுக்கொரு கட்டமாகக் கோடு போட்டிருந்தேன். தினமும் காலையில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பேன். பார்த்ததற்குச் சரி அடையாளம். வீட்டுக் கணக்கை எப்படி எழுதுவேனோ அப்படித்தான் இதையும் எழுதினேன்.

பத்மா ரத்தோட்டையிலிருந்து கீழே மாத்தளை டவுனுக்கு வந்து தையல் கடை போட்டாள். மெஷினுக்கு முன்னால் நூல் பெட்டி, அதில் சாய்த்து வைத்த கைப்பேசி. பிளவுஸ் தைக்கக் கொடுக்கப் போனவர்கள் செய்தியோடு திரும்பினார்கள். ஒரு மாதத்துக்குள் என்னைக் கேட்பவர்கள் குறைந்தார்கள். அவள் எந்தத் தளத்தையும் போய்ப் பார்ப்பதில்லை என்று கேள்விப்பட்டபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. போகாமல் எப்படித் தெரியும்? ஃபீட் என்று ஒன்றாம். தளத்தில் ஏதாவது புதிதாக வந்தால் அது தானாகவே இவள் கைப்பேசிக்கு வந்துவிடுமாம். “வாசல் வாசலா நாம ஏன் போகணும்க்கா? புதுசு இருந்தா அவங்க வரட்டுமே” என்றாள், ஊசியில் நூல் கோத்தபடி. அரசாங்கமே தன் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுகிற மாதிரி ஒரு பேச்சு.

என் மகள் தர்ஷினி கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்கக் காத்திருந்த காலம் அது. அதற்கான அறிவித்தல் வரவேண்டிய தளம் சில நாட்களாகத் திறக்கவில்லை. கொப்பியில் வெற்றுக் கட்டம் இருந்தால் எனக்குப் பொறுக்காது. நான் பார்க்கத்தானே செய்தேன், திறக்காதது தளத்தின் குற்றம் என்று எனக்கே சமாதானம் சொல்லி, நாளுக்கொரு சரி போட்டுக்கொண்டு வந்தேன். பிறகு அது எப்போது திறந்தது, அறிவித்தல் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. கை பழக்கத்தில் சரி போட்டுக்கொண்டே இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை கோயில் மண்டபத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்தோம். பத்மா தலை நிமிராமல் கேட்டாள்.

“தர்ஷினி அப்ளிகேஷன் போட்டுட்டாளாக்கா? இன்னைக்கோட முடியுதாமே.”

என் கையிலிருந்த நார் அறுந்தது. எல்லாரும் பார்த்தீர்கள்.

“அதெல்லாம் எப்பவோ போட்டாச்சு. எனக்குத் தெரியாதா?” என்றேன்.

“அதானே. உங்களுக்குத் தெரியாமலா” என்றாள் பத்மா.

சரசு சும்மா இருப்பாளா? “என்ன கமலாக்கா, இப்படி வேர்க்குது? விளக்கே இன்னும் ஏத்தலையே!”

தலைவலி என்று சொல்லி, திருநீறுகூட வாங்காமல் எழுந்து போனேன். மகளை இழுத்துக்கொண்டு, இன்டர்நெட் இருக்கிற கொமியூனிகேஷன் கடைக்கு ஓடினேன். கடை பூட்டுகிற நேரம். விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது. வெளியே வந்த பிறகுதான் கவனித்தேன், எதிரே பத்மாவின் தையல் கடை. எங்களுக்குப் பின்னாலேயே அவளும் வந்து கடையைத் திறந்திருந்தாள். ஆனால் தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பார்க்கவில்லை, அப்பாடா என்று நினைத்தேன்.

தர்ஷினி இன்று பலாபத்வலப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். நன்றி சொல்ல வேண்டியவள் நான். சொல்லவில்லை. பொறாமைதான் கூடியது.

கேட்டுப் படிக்க மனம் வராமல், அளவு கொடுக்கிற சாக்கில் அவள் கைப்பேசியை எட்டிப் பார்த்தேன். வளைந்த கோடுகள் போட்ட சின்னதொரு செம்மஞ்சள் அடையாளம். அது இல்லாத தளமானால் விலாசத்தின் கடைசியில் ‘ஃபீட்’ என்று ஆங்கிலத்தில் சேர்த்துப் பார்க்கிறாள். அவ்வளவையும் மனத்தில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து அதே மாதிரி அடித்தேன். திரை முழுவதும் கூர் கூரான அடைப்புக்குறிகளும் புரியாத எழுத்துகளும் கொட்டின. அரசாங்கத் தளத்தை உடைத்துவிட்டேன் என்று கைப்பேசியை அணைத்துச் சாமி அறையில் வைத்துவிட்டு, அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன்.

மறுவாரம் பிளவுஸ் வாங்கப் போனேன். அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவளாகவே துணியைப் பார்த்துச் சொன்னாள்: “மொத தடவ எனக்கு என்னென்னமோ எழுத்தா வந்துச்சுக்கா. உடச்சிட்டேன்னு ரெண்டு நாள் போனையே தொடல. அப்புறந்தான் தெரிஞ்சுது, அந்த விலாசத்த அப்படியே எடுத்து ஃபீட் ரீடர்னு ஒரு ஆப்ல போட்டா ஒழுங்கா வருதுன்னு.”

என் முகத்தில் எதைக் கண்டாளோ, தெரியாது. வீட்டுக்குப் போய்ப் போட்டேன், வந்தது. அன்று இரட்டிப்பாகப் பொறாமைப்பட்டேன்.

படிக்காதவை முந்நூறு என்று ரீடர் காட்டினால் எனக்குச் சாப்பாடு இறங்காது. எல்லாவற்றையும் படித்து முடிக்கப் பார்ப்பேன். இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். “அது ஓடுற தண்ணிக்கா. வேணுங்கறத மொண்டுக்கிட்டு மிச்சத்த விட்ருங்க.” அவளுக்கு விட முடிந்தது. எனக்கு இன்றுவரை முடியவில்லை.

சாவு வீட்டில் நாம் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருந்தோமே, அப்போது சரசு சொன்னாள்: “எங்கிட்ட ஒருநாள் ‘அந்த அப்ளிகேஷன் பாரத்த குடுத்துட்டீங்களா’ன்னு கேட்டா. அன்னைக்குத்தான் எனக்கு அப்படி ஒரு பாரம் இருக்கிறதே தெரியும். குடுத்தாச்சுன்னு பொய் சொல்லிட்டு ஓடினேன்.” அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். தன்னிடம் மட்டும்தான் அப்படிக் கேட்டாள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பத்மா யாருக்கும் செய்தியைச் செய்தியாகச் சொன்னதே இல்லை. நமக்கு ஏற்கனவே தெரியும் என்பது போலக் கேட்பாள். நாம் பொய் சொல்ல ஓர் இடம் விட்டு வைப்பாள். பிறகு அந்தப் பக்கம் பார்க்கமாட்டாள். அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தத் தையல் மெஷின் நினைவுக்கு வந்தது. அது எப்போதும் தெருவைப் பார்த்துத்தான் கிடக்கும். அன்று போல் தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டுமானால், நாற்காலியைத் தூக்கி மறுபக்கம் போட்டால்தான் முடியும்.

பத்மாவின் மரணச் செய்தி வந்த விடியற்காலை நான் சரசுவுக்குப் போன் பண்ணிச் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? “விஷயம் தெரியுமா?” அவளுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அப்படிக் கேட்டேன்.

போன வாரம் ரீடரில் ஒரு பயிற்சி நெறிக்கான அறிவித்தல் வந்தது. உங்களில் ஒருவரின் வீட்டுக்குப் போனேன். யார் வீடு என்று சொல்லமாட்டேன். “தெரியுமா?” என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

“மக அதுக்குப் போட்டுட்டாளா? வெள்ளிக்கிழமையோட முடியுதாமே” என்று கேட்டேன்.

“எப்பவோ போட்டாச்சேக்கா!”

“அதானே” என்றேன். திரும்பி நின்று அவர்கள் வீட்டுச் செம்பரத்தைச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வேலிப் படலை திறந்தது. செருப்புகள் இரண்டு சோடி தெருவில் வேகமாக ஓடின.

அந்தச் சத்தம் அவ்வளவு இனிமையாக இருந்தது. இதைப் பத்மா எத்தனை வருஷம், எத்தனை பேருக்காகக் கேட்டிருப்பாள் என்று நினைத்தேன். நெஞ்சு பழையபடி எரிந்தது. அவளுடையதாக என்னிடம் இருப்பவை அந்தக் கேள்வியும் இந்த எரிச்சலும்தான். இரண்டையும் நான் விடப்போவதில்லை.