பெயரை வெட்டிய ஆபீசர்

சிங்கம்புணரிக்குப் போகலாம் என்று சொன்னதும் என் அப்பா சாக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

முதலில் முழங்கால் வலி என்றார். அப்புறம் கார் டயரில் காற்று குறைவாக இருக்கிறது என்றார். கடைசியில், "போன்ல பேசுனாப் பத்தாதா? நேர்ல வேற போகணுமாக்கும்..." என்று இழுத்தார்.

என் அப்பா யார் தெரியுமா? கடற்படையில் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர். எழுபத்தொன்று போரின்போது கடலில் இருந்தவர். எண்பதை எட்டியும் காரைக்குடியில் கூட்டமான டவுன் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போய் வந்து, என்னிடம் திட்டு வாங்குகிறவர். அப்பேர்ப்பட்ட மனிதர் யாருக்குப் பயந்தார் என்கிறீர்கள்? பஞ்சவர்ணம் என்ற ஓர் அம்மாளுக்கு. அந்த அம்மாளை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை!

பஞ்சவர்ணத்தின் கணவர் வெள்ளைச்சாமி. அப்பா இருந்த அதே கப்பலில் எஞ்சின் ரூம் மாலுமி. சொந்த ஊரான சிங்கம்புணரியில் இப்போது விவசாயம். வருஷா வருஷம் டிசம்பரில் கடற்படை தினத்தன்று பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். வாசலில் விறைப்பாக ஒரு சல்யூட். உள்ளே வந்து காபி டம்ளரைக் கையில் எடுத்தாரோ இல்லையோ, சண்டை ஆரம்பம்.

ஒரே சண்டை. வருஷா வருஷம் அதே சண்டை.

போர்க்காலத்தில் கப்பலிலிருந்து போகிற கடிதங்களை ஓர் ஆபீசர் படித்துப் பார்த்த பிறகுதான் அனுப்புவார்களாம். எங்கே இருக்கிறோம், எங்கே போகிறோம், கப்பலின் பெயர் என்ன — எதுவும் வெளியே போகக்கூடாது. இருந்தால் பிளேடால் வெட்டி எடுத்துவிட வேண்டும். அந்தக் கப்பலில் தமிழ் படிக்கத் தெரிந்த ஆபீசர் அப்பா மட்டும்தான். ஆகவே தமிழ்க் கடிதமெல்லாம் அவர் மேஜைக்குத்தான் வரும். யாருக்கு மாமியாரோடு தகராறு, யார் வீட்டுப் பசு சினையாக இருக்கிறது... எல்லாம் அவருக்கு அத்துப்படி. மறுநாள் டெக்கில் அவர்களைப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். அதுதான் போரைவிடப் பெரிய கஷ்டம் என்பார்.

வெள்ளைச்சாமியின் கடிதமும் வந்தது. பஞ்சவர்ணத்துக்கு அப்போது நிறைமாசம். 'நான் வராவிட்டாலும் நம்ம பிள்ளைக்குப் பேர் மட்டும் இதுதான்' என்று எழுதி, கீழே பெரிதாகப் பெயரையும் எழுதியிருந்தார். என்ன பெயர்? சாட்சாத் அந்தக் கப்பலின் பெயரேதான்! அது ஒரு நதியின் பெயர். பெண் பிள்ளைக்கு அம்சமாகப் பொருந்தும். பெண்தான் பிறக்கும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ!

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அப்பா பிளேடை எடுத்தார்.

(அந்தப் பெயரை நான் இங்கேயும் எழுதவில்லை. பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை அப்பா வாராவாரம் படிக்கிறார். பிளேடும் வீட்டில் இருக்கிறது.)

"வெட்டுனதுதான் வெட்டுனீக, 'நான் வராவிட்டாலும்'ங்கிறதையும் சேத்து வெட்டியிருக்கக் கூடாதா சார்? அதை விட்டுப்புட்டு பேரை மட்டும் வெட்டியிருக்கீகளே! எம்பொண்டாட்டி இன்னைக்கு வரைக்கும் ஒங்க மேல கோவமாத்தான் இருக்கா" — இது வெள்ளைச்சாமி.

"கப்பல் பேரு போகக்கூடாதுங்கிறதுதான்யா ரூல்ஸ். நீ வாரதும் வராததும் ரூல்ஸ்ல இல்ல" — இது அப்பா.

அப்புறம் இருவரும் சிரிப்பார்கள், சாப்பிடுவார்கள். சாயங்காலம் அப்பாவே பஸ் ஏற்றிவிட்டு வருவார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

இந்த டிசம்பரில் வெள்ளைச்சாமி வரவில்லை.

அப்பா காலையிலிருந்து வாசலையும் கடிகாரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "அவன் டியூட்டிக்கு ஒருநாளும் லேட்டா வந்தவன் இல்லையேம்மா" என்றார். போன் போட்டுக் கேட்டேன். வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டதாம். ஆபரேஷன் முடிந்து வீட்டில் படுத்திருக்கிறாராம். "ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துருவோம்ப்பா" என்றேன். அப்போது வந்ததுதான் முழங்கால் வலி, டயர், எல்லாம்.

விடாமல் நச்சரித்தபோதுதான் வாயைத் திறந்தார். "நிறைமாசப் பிள்ளைத்தாச்சிம்மா அது. அந்தக் கடுதாசியப் பிரிச்சுப் பாத்தப்ப அது மனசு என்ன பாடு பட்டிருக்கும்? அது மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விளையாட்டுச் சண்டை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, இத்தனை வருஷமாக அப்பாவின் மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்திருக்கிறது!

அதற்காகப் போகாமல் இருக்க முடியுமா? அந்தக் கப்பலைப் பற்றிப் பேச அப்பாவுக்கு மிச்சம் இருப்பது வெள்ளைச்சாமி ஒருவர்தான். இருவருக்கும் வயசு குறையவா போகிறது? ஞாயிற்றுக்கிழமை காலையில் வலுக்கட்டாயமாகக் காரில் ஏற்றினேன். திருப்பத்தூர் தாண்டியதிலிருந்து மனிதர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே வந்தார்.

வெள்ளைச்சாமி படுத்தபடியே சல்யூட் அடிக்கக் கையைத் தூக்கினார். அப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அதற்குள் அடுப்படியிலிருந்து பஞ்சவர்ணம் வந்துவிட்டார். அப்பா படக்கென்று எழுந்து நின்றார். நின்றது அட்டென்ஷனில்!

"எதுக்கு சார் எந்திரிக்கிறீக? இங்குட்டு ஃபேனுக்குக் கீழ வந்து உக்காருங்க."

அப்பா உட்காரவில்லை. "தாயி... அந்தக் கடுதாசிய வெட்டுனது நான்தான்."

"தெரியுமே. அதுக்கென்ன இப்ப?"

"இல்ல... நீங்க இன்னும் கோவமா இருக்கீகன்னு..."

"நானா? யாரு சொன்னா?" என்று கேட்டவர், கட்டில் பக்கம் திரும்பினார். கட்டிலில் இருந்தவர் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார்.

"அழுதேன் சார், இல்லேங்கல. 'நான் வராவிட்டாலும்'னு எழுதுனா அழுக வராதா? மகளும் பெறந்துட்டா. என்னமாச்சும் ஒரு பேரை வையின்னு மாமியாளும் நாத்தனாளும் உசுர எடுத்தாக. நான் விடல. அவுக ஒரு பேரு எழுதியிருக்காக, அது என்னன்னு அவுகளே வந்து சொல்லட்டும்னுட்டேன். ஊரே பேரில்லாத பிள்ளைன்னு கேலி பண்ணுச்சு. பங்குனியில லீவுல வந்து அவுகதான் காதுல சொன்னாக." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "கடுதாசியில பேரு இருந்திருந்தா அன்னைக்கே வச்சு முடிச்சிருப்போம் சார். பேரைத்தான் காணோமே... அப்ப ஆளு வந்துதானே ஆகணும்? அந்த ஓட்டைய நம்பித்தான் நான் உசுரோட இருந்தேன்."

அப்பா உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மறைப்பானேன்?

கட்டிலில் கண் திறந்தது. "ஏண்டி, எங்கிட்ட இதை ஒரு நாளும் சொல்லலையே?"

"சொல்லியிருந்தா எந்தச் சாக்க வச்சு வருசா வருசம் காரைக்குடிக்குப் போயிருப்பீக? சண்டை போடத்தானே பஸ் ஏறுனீக!"

சரிதானே? 'உங்களைப் பார்க்கணும்போல இருந்துச்சு' என்று ஆபீசரிடம் மாலுமி சொல்வாரா? நம் ஆண்களுக்குப் பாசத்தைச் சொல்ல வாய் வராது. சண்டை என்றால் தாராளமாக வரும்.

கிளம்பும்போது வெள்ளைச்சாமி முகம் தொங்கிப்போயிருந்தது. "அடுத்த டிசம்பருக்கு எந்திரிச்சு வந்துருய்யா" என்றார் அப்பா.

"எதுக்கு சார்? சண்டைதான் தீந்துபோச்சே."

அப்பா வாசற்படியில் நின்று திரும்பினார். "அது இன்லேண்ட் லெட்டரு. முன்பக்கம் வெட்டுனா பின்பக்கமும் ஒரு வரி போயிருக்கும்ல? அதைப் பத்தி நீ ஒருநாளாவது கேட்டிருக்கியா?"

வெள்ளைச்சாமி எழுந்து உட்காரப் பார்த்தார். "அடப் பாவமே... ஆமால்ல! அதுல என்ன சார் எழுதியிருந்தேன்?"

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. டிசம்பர்ல வா, சொல்றேன்."

காரில் வரும்போது நானும் ஆவலாகக் கேட்டேன். அப்பாவுக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லையாம்!

சிங்கம்புணரி வாசகர்களே... டிசம்பர் வரைக்கும் தயவுசெய்து வாயைத் திறந்துவிடாதீர்கள்.