காணாமல் போன ஏரியும் பிரவுன் அட்டையும்

கொலைகாரன் யார் என்று தெரிய ஒரே ஒரு அத்தியாயம்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து மேனேஜர் என் நாவலைப் பிடுங்கி ஆயுத பூஜைக்கு வைத்துவிட்டார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கார்மென்ட்ஸில் வருஷக்கணக்காக செக்கிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஒரு நூல் தொங்கினாலும் பீஸைத் திருப்பி அனுப்பிவிடுவேன். படிப்பதிலும் அப்படித்தான். பத்துப் பக்கத்துக்குள் ஒரு பிணமாவது விழாவிட்டால் அந்தப் புத்தகம் ரிஜெக்ட். குழந்தைக் கதை என்றால் தொடவே மாட்டேன். என் நாவல்களின் அட்டைப் படம் கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும் என்பதால் பிரவுன் பேப்பர் போட்டுத்தான் எடுத்துப் போவேன்.

எங்கள் யூனிட்டில் விடுமுறைக்கு முதல் நாள் மாலையே பூஜை. கத்தரி, டேப், அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்போம். பக்கத்தில் ஆளுக்கொரு புத்தகம். வைத்ததை லீவு முடிந்து வந்துதான் எடுக்கலாம்.

"சரஸ்வதிக்குக் கொலக் கதையெல்லாம் ஆவாது சார், குட்த்துடுங்க" என்று கெஞ்சினேன்.

"சரஸ்வதி எல்லாமே படிப்பாங்கம்மா" என்றார் மேனேஜர்.

லீவு முடிந்ததும் முதல் ஆளாகப் போய் பிரவுன் அட்டையை எடுத்துப் பையில் போட்டேன். ஷிப்மென்ட் அவசரத்தில் பிரிக்க நேரமில்லை. மாலை திருநின்றவூருக்கு ரயிலேறி உட்கார்ந்து பிரித்தால் உள்ளே குழந்தைக் கதை! அயர்ன் மாஸ்டர் டில்லி, மகளுக்குப் படிப்பு நன்றாக வரட்டும் என்று வைத்த புத்தகம். அதற்கும் பிரவுன் அட்டை. எழுதியவர் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை.

வேறு வழியில்லாமல் படித்தேன். ஓர் ஊரின் ஏரி, ஒரே இடத்தில் கிடந்து சலித்துப்போய்க் கடலைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறது. கொக்குகள் போலீஸில் புகார் கொடுக்கின்றன. "காணாமல் போனவர் உயரம்?" என்கிறார் ஏட்டு. "உயரம் கிடையாது சார், ஆழம்தான்" என்கிறது கொக்கு. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எதிரில் இருந்த அம்மா பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். நிமிர்ந்து பார்த்தால் திருவள்ளூர். என் ஸ்டேஷன் எப்போதோ போய்விட்டது.

ஏரி திரும்பி வந்ததா? பார்க்கலாம் என்றால் கடைசித் தாள் கிழிந்திருந்தது.

மறுநாள் காலை டில்லி தூங்காத கண்ணோடு என் டேபிளுக்கு வந்தார்.

"இன்னாக்கா புக்கு இது? பொண்ணுக்குப் படிச்சுக் காட்டலாம்னு தொறந்தா மொத பக்கத்துலயே ரத்தம். அதுக்குக் காட்டல. நானே முழுசாப் படிச்சுட்டு லைட்டு போட்டுகினே படுத்தேன். அந்த டாக்டரு தான்க்கா கொலகாரன்!"

முடிவை உளறியவர்களை நான் சும்மா விட்டதே இல்லை. டேபிளில் இருந்த பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

"அவன் கெடக்கறான். கடைசித் தாளு எங்கப்பா? ஏரி வந்துச்சா இல்லியா?"

டில்லி வீட்டுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஸ்கூலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் பேசினாள்.

"தெரியாது ஆன்ட்டி. வாங்கும்போதே கிழிஞ்சிதான் இருந்துச்சு. நானே தெனம் ஒரு முடிவு வெச்சுக்குவேன்."

"இன்னிக்கு இன்னா முடிவு?"

"கடல் அத உடல. எங்க ஊட்டுலயே இருந்துடுன்னு சொல்லிடுச்சு."

"அப்ப மீனுங்கோ?" என்று டேபிளிலிருந்து ஒரு குரல். பெல் அடித்த பிறகும் ஏரிக்கு என்ன முடிவு என்ற சண்டை ஓயவில்லை.

அந்த எழுத்தாளரின் மற்றக் கதைகளையும் தேடி வாங்கிவிட்டேன். ஏரிக் கதை கிழியாமல் ஒன்று கிடைத்தது. கடைசித் தாளைப் பார்க்காமலே ஸ்டேப்ளர் அடித்து டில்லி மகளுக்குக் கொடுத்தேன். அவளும் இன்னும் பிரிக்கவில்லையாம்.

பூஜைக்கு வைக்கும் புத்தகத்தின் மேல் அவரவர் பெயர் எழுத வேண்டும் என்று மேனேஜர் இப்போது நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார். நான் மட்டும் எழுதப்போவதில்லை.