சாணி மெழுகிய சுவர்

ஜூன் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை. ஐந்து நாற்பதுக்கு எழுந்து பால் பாக்கெட்டை எடுத்து வைத்தேன், இரண்டு துளசித் தொட்டிக்கும் தண்ணீர் ஊற்றினேன், ஏழு பத்துக்கு அலுவலகம் கிளம்பக் கீழே இறங்கினேன். இரவு பெய்த மழையில் வண்டிகள் நிறுத்தும் இடமெங்கும் ஊறிய சுண்ணாம்பு வாசனை. மூன்றாவது தூணுக்குப் பின்னால், பின்மதிலில், ஆமணக்கு விதை அளவில் சாம்பல் நிறமாக ஒன்று மேலே ஏறிக்கொண்டிருந்தது. உண்ணி. மாடி வீட்டு நாயிடமிருந்து விழுந்ததாக இருக்கலாம். காகிதத்தில் எடுத்து, மேலே கொண்டுபோய் டெட்டால் ஊற்றிய சிறு புட்டியில் போட்டு மூடினேன். நசுக்கவில்லை. "நசுக்காதடி, ஒண்ணு நூறாயிடும்" என்று அம்மா சொன்னது இன்னும் கையில் இருக்கிறது.

லிங்கராஜபுரத்தில் எங்கள் கட்டடம் நிற்கும் இந்த இடத்தில் முன்பு பக்கத்து வீட்டு முனியப்பாவின் மாட்டுக் கொட்டகை இருந்தது. கட்டியவர்கள் எல்லாவற்றையும் இடித்தார்கள். எல்லைக் கல்சுவர் என்பதால் கொட்டகையின் பின்சுவரை மட்டும் விட்டுவிட்டு அதன்மேல் சிமெண்ட் பூசிப் பின்மதிலாக்கினார்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. எங்களிடம் ஒரே மாடு, ரோஸி. ஜெர்சிக் கலப்பு, செம்பட்டை நிறம், நெற்றியில் வெள்ளைத் திட்டு. தாய் செத்துப்போன கன்றாக வாங்கி வந்து, அம்மா பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்தது. அந்த ஆண்டு ரோஸிக்கு ஏழு மாதச் சினை. மழைக்கு எங்கள் தகரக் கூரை ஒழுகியதால், பக்கத்திலேயே காலியாக இருந்த முனியப்பாவின் கொட்டகைக்கு அவளை மாற்றினோம். அவருடைய இரண்டு மாடுகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. தெருவில் அதை "ஆகாத இடம்" என்றார்கள். "இடம் என்னடி பண்ணும், கழுவிட்டா சரியாப்போச்சு" என்று அம்மா தரையை பினாயில் விட்டுத் தேய்த்துக் கழுவினாள், வேப்பிலைப் புகை போட்டாள். பின்சுவரை மட்டும் தொடவில்லை. முனியப்பாவின் மனைவி வருஷக்கணக்கில் சாணி மெழுகி மெழுகி அது விரற்கடை தடிமனுக்குக் காய்ந்து, வெயில்பட்ட ஏரித்தரை போல வெடித்திருந்தது. "சாணி பூசின சுவர், இதுல எந்தப் பூச்சியும் அண்டாது" என்றாள். எங்கள் தெருவில் எல்லோருமே அப்படித்தான் நம்பினார்கள்.

பள்ளி விட்டு வந்ததும், ரோஸியின் காது மடல், வால் அடி, மடிக்குப் பக்கம் எல்லாம் தடவிப் பார்த்து உண்ணி எடுப்பது என் வேலை. மண்ணெண்ணெய் ஊற்றிய ஊறுகாய் பாட்டிலில் போட்டு, எத்தனை என்று கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு எழுதுவேன். நான் எழுதிய முதல் டயரி அதுதான். முதல் நாள் ஒன்பது, பிறகு பதினான்கு, பிறகு முப்பத்தொன்று.

"ஏன் மேரிம்மா, பொண்ணு டீச்சர் ஆவப்போறாளா? உண்ணிக்கெல்லாம் அட்டெண்டன்ஸ் எடுக்குறாளே" என்று முனியப்பா சிரித்தார்.

"உங்க மாட்டுக்கும் யாராச்சும் எடுத்திருந்தா இன்னிக்கு அதுங்க இருந்திருக்கும்" என்றாள் அம்மா.

வேறு மாடு கிடையாது, வெளியே மேய்ச்சலும் கிடையாது, எங்கிருந்து வருகிறது என்று அம்மாவுக்குப் புரியவில்லை. புகையை இரண்டு வேளையாக்கினாள். ரோஸியோ சுவர்ப்பக்கம் போகவே மாட்டாள். கயிறு எவ்வளவு நீளுமோ அவ்வளவும் இழுத்துக்கொண்டு, கழுத்தைக் கதவுப் பக்கம் நீட்டியபடி நாள் முழுக்க நிற்பாள்.

பன்னிரண்டாம் நாள் உடம்பெல்லாம் தேடியும் இரண்டுதான் கிடைத்தது. "பாத்தியா, புகை வேலை செஞ்சிடுச்சு" என்று அம்மா தவிட்டுத் தண்ணீர் கலக்கப் போனாள். ஆனால் ரோஸி காலையில் போட்ட புல்லைத் தொட்டிருக்கவில்லை, காது கொதித்தது, தோளுக்கு முன்னால் எலுமிச்சை அளவில் ஒரு கட்டி. கணக்கை எழுதச் சுவரோரம் போய் நின்றேன். கதவு வழியாக மாலை வெயில் சாய்வாகச் சுவரில் விழுந்துகொண்டிருந்தது. சருகு உரசுவது போல மிக மெல்லிய ஒரு சத்தம். முகத்தை அருகே கொண்டுபோனேன். வெடிப்புகளின் விளிம்பில் மயிரிழை போன்ற கால்கள் தெரிந்தன. நான் மூச்சு விட்டதும் அவை வெளியே வந்தன. இடப்பக்கம் நகர்ந்தேன், அவையும் இடப்பக்கம் திரும்பின. மூச்சை அடக்கினேன். நின்றன.

அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் வந்து பார்த்து, வாயைக் குவித்துச் சுவர்மேல் ஒருமுறை ஊதினாள். சாணிப்பூச்சு முழுவதும் எங்களை நோக்கி வருவது போல் இருந்தது.

"கணக்கு குறையலடி" என்றாள். "எல்லாம் குடிச்சிட்டு வீட்டுக்குப் போயிருக்கு."

அப்போதே ரோஸியை அவிழ்த்து எங்கள் ஒழுகும் கொட்டகைக்கே இழுத்துப் போனோம். பொழுது சாய்வதற்குள் மாட்டு டாக்டர் ஸ்கூட்டரில் வந்தார். கட்டியைத் தொட்டுப் பார்த்து, "உண்ணிக் காய்ச்சல்மா. மாட்டு மேல இருக்கறது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் சுவத்துல குடியிருக்கும். மாசக்கணக்கா பட்டினி கிடக்கும், சாவாது. முனியப்பா மாடுங்களும் இதுலதான் போயிருக்கணும்" என்றார். ஊசி போட்டார். "காலைல எழுந்து நின்னுட்டிருந்தா பொழைச்சுக்கும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் காலை அம்மா முதலில் ரோஸியைப் பார்க்கப் போகவில்லை. மண்வெட்டியோடு அந்தச் சுவருக்குப் போனாள். "ரோஸி படுத்திருந்தாள்னா எனக்குக் கை ஓடாது, முதல்ல இதை முடிச்சிடறேன்" என்றாள். பூச்சு முழுவதையும் கல் தெரியும்வரை சுரண்டிக் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினாள். சோளம் பொரிவது போல அது வெகுநேரம் வெடித்தது. கல் இடுக்கு ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பை அடைத்த பிறகே எங்கள் கொட்டகைக்கு வந்தாள். ரோஸி நின்றுகொண்டிருந்தாள், தலையைத் தொங்கப் போட்டபடி. நான்கு நாள் கழித்துக் கன்று செத்துப் பிறந்தது. ரோஸி பிழைத்தாள், மேலும் இரண்டு ஈற்று கண்டாள்.

இப்போது எங்கள் தெருவில் மாடு இல்லை, சாணி வாசனை இல்லை, மண்ணெண்ணெய் விற்கும் கடையும் இல்லை. அம்மாவும் இல்லை. அந்தச் சுவர் மட்டும் இருக்கிறது, சிமெண்ட் பூச்சில் மூன்றாவது தூணுக்கு நேராக ஒரு முழ நீளத்துக்கு விரிசல் விட்டு. செவ்வாய் இரவு டயரியில் "உண்ணி: ஒன்று" என்று எழுதிவிட்டுப் படுத்தேன்.

புதன்கிழமையும் ஐந்து நாற்பதுக்கே எழுந்தேன். பால் பாக்கெட்டை எடுக்கவில்லை. நேராகக் கீழே இறங்கிப் போய், அந்த விரிசலருகே முகத்தை வைத்து, நீளமாக ஒரு மூச்சு விட்டேன்.