மருமகளின் பெயரில் நான் எழுதிய பதினொரு விண்ணப்பங்கள்

2023ஆம் ஆண்டு ஜூலை 16, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.50. சோளகக் காற்று பலமாக அடித்து, முற்றத்து மணல் எழும்பிக் கண்ணுக்குள் விழுந்தது. அந்த நேரத்தில்தான் இலுப்பைக்கடவையிலிருந்து என் சம்மந்தி எங்கள் தீவுக்கு ஓட்டோவில் வந்து, என் மருமகள் மெடில்டாவைக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு பைகள், ஒரு தையல் மெசின். எல்லாவற்றையும் ஏற்றினார்கள். இனி வரமாட்டாள் என்றே நினைத்தேன்.

என் மகன் அருள்ராஜுக்கும் அவளுக்கும் கலியாணமாகி ஏழு வருடம் இரண்டு மாதம். பிள்ளை இல்லை. முந்தின நாள் ஒரு ஞானஸ்நான வீட்டில் அவள் குழந்தையைத் தூக்கக் கை நீட்டியிருக்கிறாள். பதினான்கு பெண்களுக்கு முன்னால் என் அக்கா, "அவளிட்டக் குடுக்காதேங்கோ, பிள்ளைக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டார். பதினான்கு பேரில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

சம்மந்தி சத்தம் போடவில்லை. ஓட்டோவில் ஏறுமுன் ஒன்று மட்டும் கேட்டார்.

"ஏழு வருசமா என்ர பிள்ளையைத்தானே எல்லா டொக்டர்மாரும் பாத்தவை. உங்கட மகனை ஒருத்தராவது பாத்தவரோ?"

நான் அரசாங்கக் கச்சேரியில் முப்பத்துநான்கு வருடம் கிளாக்காக இருந்தவன். கேள்வி வந்தால் பைலைப் பார்த்துப் பதில் எழுதிப் பழகியவன். இதற்கு என்னிடம் பைலே இருக்கவில்லை.

எங்கள் பங்குக் கோவிலில் விண்ணப்பப் பெட்டி என் பொறுப்பு. சனங்கள் போடும் துண்டுகளை ஒரு கொப்பியில் தெளிவாக எழுதி, பூசையில் வாசிக்கப் பங்குச் சுவாமியிடம் கொடுப்பேன். அன்று கோவிலுக்குப் போய் அந்தக் கொப்பியை எண்ணினேன். பிள்ளை வரம் கேட்ட விண்ணப்பங்கள் அறுபத்தொன்று. அறுபத்தொன்றிலும் பெண்ணின் பெயர். ஒரு ஆணின் பெயர் இல்லை. இந்தத் தீவில் ஆண்களுக்கு நெஞ்சு நோகும், சீனி வருத்தம் வரும், முதுகு பிடிக்கும். இந்த ஒரு குறை மட்டும் வராதாம்!

அறுபத்தொன்றில் பதினொன்று நானே எழுதியவை. "மெடில்டாவின் கர்ப்பப்பைக் குறை நீங்க." குறை இருக்கிறது என்று யார் சொன்னது? மூன்று ஸ்கான் எடுத்தோம். மூன்றிலும் ஒரு பழுதும் இல்லை. அந்த றிப்போட்டுகள் என் அலுமாரியில் இருந்தன. வாசித்தும் இருந்தேன். அப்படியிருந்தும், பீடத்துக்கு முன்னால் அந்தப் பிள்ளைக்கு எதிராகப் பதினொரு தடவை பொய்ச்சாட்சி சொன்னேன். எனக்கு என் மேலேயே வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அழுதேன். பிறகு பன்னிரண்டாவது துண்டை எழுதினேன். "அருள்ராஜ் தன்னையும் பரிசோதிக்கத் துணிவு பெற." சுவாமி என்னைப் பார்த்தார். வாசியுங்கோ என்றேன். வாசித்தார். பின்வரிசையில் நின்ற மகன் வெளியே போய்விட்டான். அவனிடம் கேட்காமல் அவன் பெயரைப் போட்டது பிழை. அதற்காகப் பிறகு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஒன்பது நாள் அவன் என்னோடு கதைக்கவில்லை. ஒன்பது நாளும் செபமாலை சொன்னேன். ஆண்டவரே, பிள்ளை பிறகு இருக்கட்டும், இவனை முதலில் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் ஏற்றும் என்று கேட்டேன். அவன் கடற்தொழிலுக்குப் போகிறவன். கரையில் அவனைச் சும்மா விடவில்லை. வலை இழுக்கும் ஒருவன், "என்ன அருள், எஞ்சினைக் கழட்டப் போறியாமே?" என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்டிருக்கிறான். இவன், "ஓம். ஏழு வருசம் எஞ்சினைப் பாக்காமல் வள்ளத்தைக் குறை சொன்னனாங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தானாம்.

பத்தாம் நாள் காலை என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"அப்பா, யாழ்ப்பாணத்துக்கு முதல் பஸ் எத்தினை மணிக்கு?"

என் செபத்துக்குப் பதில் அதுதான். அந்த இடத்திலேயே முழங்காலில் நின்றேன்.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த டொக்டர் ஆண்களின் குறைக்குக் காரணம் என்ன என்று ஆராய்ச்சியும் செய்கிறவர். பரிசோதனையில் விந்தணு குறைவு, ஓட்டமும் குறைவு என்று வந்தது. விதைப்பைக்குள் நாளங்கள் புடைத்து இரத்தம் தேங்கி நிற்கிறது. அதனால் சூடு கூடி அணுக்கள் பழுதாகலாம் என்று விளங்கப்படுத்தினார். சத்திரசிகிச்சை செய்தால் பலருக்குக் குணம் வரும், எல்லாருக்கும் வராது என்றும் மறைக்காமல் சொன்னார். இன்னும் காரணம் தெரியாதவை எத்தனையோ உண்டாம். ஏன் தெரியவில்லை என்று நான் கொஞ்சம் சூடாகவே கேட்டேன்.

"ஆராய்ச்சிக்கு ஆம்பிளையள் வரவேணுமே ஐயா. உள்ளுக்க வாறது மனுசிமார். புருசன்மார் கேற்றுக்கு வெளியில நிண்டு சிகரெட் பத்தினம்."

அருள்ராஜ் அன்றே ஆராய்ச்சிக்கும் சம்மதித்துக் கையெழுத்து வைத்தான்.

அந்தக் கிழமையே றிப்போட்டை எடுத்துக்கொண்டு தனியே இலுப்பைக்கடவைக்குப் போனான். மாமனாரிடம் நீட்டினான். மெடில்டாதான் வாங்கி வாசித்தாளாம். வாசித்துவிட்டு மடித்து அவன் கையிலேயே கொடுத்தாள்.

"உங்கட மாமிக்கும் ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ. பிறகு வாறன்."

வாசித்துக் காட்டினான். அவன் மாமியான என் அக்காவின் வீட்டு விறாந்தையில், நின்றபடி, கடைசி வரி வரைக்கும். நான்காம் நாள் மெடில்டா தையல் மெசினோடு வந்து இறங்கினாள்.

ஒக்ரோபரில் சத்திரசிகிச்சை. ஆறு கிழமை வள்ளம் தள்ளவில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு அணுக்கள் கூடியிருந்தன. 2025 மே 9, வெள்ளிக்கிழமை பேத்தி பிறந்தாள். இரண்டு கிலோ தொள்ளாயிரம். ஆண்டவருக்கு நன்றி. அந்த டொக்டரின் கைகளையும் அவர் ஆசீர்வதிப்பாராக.

இப்போதும் ஊரில், "மெடில்டாவின்ர கர்ப்பம் திறந்திட்டுது" என்கிறார்கள். அது எப்போது பூட்டியிருந்தது? சொல்கிறவர்களை வீதியில் மறித்துத் திருத்துகிறேன். இதுவரை இருபத்துமூன்று பேர். கிழவனுக்கு வெட்கமில்லை என்கிறார்கள். வெட்கத்தை ஏழு வருடம் அந்தப் பிள்ளையின் தலையில் கட்டி வைத்திருந்தோமே, அது போதும்.

சகோதரரே, வரம் கேளுங்கள். அவர் கொடுப்பார். ஆனால் கேட்கும்போது ஆணின் பெயரையும் சேர்த்துக் கேளுங்கள். கேட்டுவிட்டு முதல் பஸ்ஸில் ஏறுங்கள். எனக்கு இரங்கியவர் உங்களுக்கும் இரங்குவார்.

பரிசோதனையும் சத்திரசிகிச்சையும் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். ஐந்து தடவை போய்வந்த பஸ் காசு, சாப்பாடு, நான் இரண்டு இரவு தங்கிய அறை வாடகை, எல்லாம் சேர்த்து எனக்குச் செலவு முடிந்தது பதினாறாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய்.