மிஸ் கொண்டுவந்த மாவு உருண்டை

சென்ற வருடம் மழை தொடங்கியிருந்த சமயம். கோலார் தங்கவயலில் கோரமண்டல் பக்கம் எங்கள் வீடு. கணவருக்கு இங்கேயே ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. நான் தினமும் ரயிலேறி பெங்களூர் போய்வருகிறவள். அங்கே ஒரு கார்மென்ட்ஸில் தைத்து வரும் துணிகளைத் தரம் பார்க்கிற வேலை. மகளுக்கு அப்போது மூன்றரை வயது. பக்கத்துத் தெருவில், ஒரு வீட்டின் முன்பகுதியில் நடக்கிற சின்ன ப்ளே ஸ்கூலில் அவளை விட்டிருந்தோம்.

அதை நடத்துகிறவர் என்னைவிட வயதில் சின்னவர். எல்லோருக்கும் அவர் 'மிஸ்'. என்னை 'அக்கா' என்பார். உதவிக்கு ஓர் ஆயா. விளம்பரம், போர்டு எதுவும் பெரிதாகக் கிடையாது. ஒரு வீட்டுப் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று பார்த்து அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவார்கள். அந்த நல்ல பெயர்தான் பள்ளிக்கூடத்துக்கு இருந்த ஒரே சொத்து.

என் மகளுக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது. கைக்குழந்தையாக இருந்தபோது பாலில் ஊறவைத்த சப்பாத்தியை ஊட்டினேன். உடம்பெல்லாம் தடித்துவிட்டது. அன்றிலிருந்து டாக்டர் கோதுமையே கூடாது என்றுவிட்டார். பள்ளியில் சேர்க்கும்போதே மிஸ்ஸிடம் இதைச் சொல்லியிருந்தேன். அவரும் கவனமாகத்தான் இருந்தார். பிஸ்கட், பிரெட் எதையும் அவள் பக்கம் வரவிட மாட்டார். யாருக்காவது பிறந்தநாள் என்று கேக் வந்தால் என் மகள் கையில் மட்டும் பொரி உருண்டை இருக்கும்.

அந்த வாரம் பிள்ளைகளுக்கு மாவில் பொம்மை செய்யக் கற்றுத்தர நினைத்திருக்கிறார். கடையில் விற்கிற கலர் களிமண்ணின் வாசனை அவருக்குப் பிடிக்கவில்லை. சின்னப் பிள்ளைகள், தெரியாமல் வாயில் வைத்தாலும் கெடுதல் வரக்கூடாது என்று யோசித்து, வீட்டிலேயே பிசைந்திருக்கிறார். மைதா, உப்பு, கொஞ்சம் எண்ணெய், கேக்கில் போடுகிற கலர். மைதாவும் கோதுமைதான் என்பது யாருக்குத் தெரியாது? ஆனால் விளையாடுகிற மாவு என்றதும் அது சாப்பாட்டுக் கணக்கில் சேரவில்லை. மாவில் யானை செய்யப்போகிறோம், பழைய சட்டை போட்டு அனுப்புங்கள் என்று முதல்நாள் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது எனக்கே அது தோன்றவில்லை.

மறுநாள் கம்பெனியில் டீ நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் மிஸ்ஸிடமிருந்து போன்.

"அக்கா, பாப்பாவுக்கு மூஞ்சி வீங்கிடுச்சி, மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு வந்துட்டேன், டாக்டர் பாத்துனு கீறாரு. நான் பிசைஞ்ச மைதா மாவை வாயில வெச்சிருக்கா. என்னாலதான் ஆச்சி. நீங்க கிளம்பி வாங்க."

அவர் ஒரு சொல் விடவில்லை, ஒன்றையும் மூடி மறைக்கவில்லை.

சூப்பர்வைசரிடம் என்ன சொன்னேன், எப்படி ஸ்டேஷனுக்கு வந்தேன் என்பது இன்றைக்கும் எனக்கு நினைவில்லை. கணவருக்கு அடித்தால் போன் எடுக்கவில்லை. ஷிஃப்டில் இருக்கும்போது போனை லாக்கரில் வைத்துவிடுவார். கிடைத்த ரயிலில் ஏறிவிட்டேன். வண்டி மெதுவாகப் போவதுபோலவே இருந்தது. கோதுமை கூடாது என்று அத்தனை தடவை சொல்லியும் இப்படிச் செய்துவிட்டாளே என்று, அதுவரை 'அவர்' என்று நினைத்த பெண்ணை மனசுக்குள் 'அவள், இவள்' என்று திட்டிக்கொண்டே வந்தேன்.

மாலூர் தாண்டும்போது மறுபடியும் மிஸ்ஸின் போன் வந்தது. ஊசி போட்டிருக்கிறார்கள், மூச்சு சீராகிறது என்று சொல்லிவிட்டு, போனை மகளின் காதில் வைத்தார். முதலில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கரகரத்த குரலில், "அம்மா, என் யானைக்குத் தும்பிக்கையே வெக்கல" என்றாள். ரயில் பெட்டி என்றும் பாராமல் அழுதுவிட்டேன். எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அது எங்கள் ஊர் வரை போகாத வண்டி என்பதால் பங்காருபேட்டையிலேயே இறங்கி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். கண் இமைகள் இன்னும் தடித்திருந்தன. காலடியில் மிஸ் நின்றிருந்தார். புடவையெல்லாம் நீலக் கறை. என்னைப் பார்த்ததும் ஒதுங்கிச் சுவரோரம் போய் நின்றுகொண்டார். நான் நேராகக் கட்டிலருகே போய் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

டாக்டர் வந்துதான் நடந்ததைச் சொன்னார். பிள்ளையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு மிஸ் உள்ளே ஓடிவந்தபோது, இன்னொரு கையில் பிளாஸ்டிக் கவரில் அந்த நீல மாவு உருண்டையையும் கொண்டுவந்திருக்கிறார். இவளுக்குக் கோதுமை ஆகாது, இது மைதா, நான்தான் கொடுத்தேன், இதில் இன்னின்னது சேர்த்திருக்கிறேன் என்று வாசலிலேயே சொல்லியிருக்கிறார். பூச்சி கடித்ததா, என்ன சாப்பிட்டது என்று தேடிக்கொண்டிருந்தால் நேரம் போயிருக்கும், தொண்டை வீங்கும்போது அந்த நேரம்தான் முக்கியம் என்றார் டாக்டர்.

திரும்பிச் சுவரோரம் பார்த்தேன். என் கோபம் அப்போதும் தீரவில்லை. ஆனால் வண்டியில் வரும்போது சேர்த்துவைத்திருந்த பேச்சை விட்டுவிட்டு, மகளின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் கணவர் ஓடிவந்தார். வேறு பள்ளி பார்க்கலாம் என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

இரண்டு நாள் கழித்து மிஸ் எல்லாப் பெற்றோர்களையும் கூப்பிட்டிருந்தார். மகளின் பெயரைப் பள்ளியிலிருந்து நீக்கச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று நானும் போனேன். ஊருக்குள் அதற்குள் பலவிதமான பேச்சு. குழந்தை ஜுரத்தில் மயங்கிவிட்டது என்றார் ஒருவர், கீழே விழுந்தது என்றார் இன்னொருவர். அந்தப் பேச்சையே உண்மையாக்கிக்கொண்டு மிஸ் தப்பித்திருக்கலாம். நான் ஒருத்தி வாயை மூடிக்கொண்டால் போதும். ஆனால் அவர் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளுக்கு நடுவே நின்று, தமிழிலும் கன்னடத்திலுமாக, நடந்தது முழுவதையும் சொன்னார். இனி இந்தப் பள்ளிக்குள் கோதுமை, மைதா எதுவும் வராது, உங்கள் பிள்ளைகளுக்கு வேறு எது ஆகாது என்றாலும் இப்போதே சொல்லுங்கள் என்றார். ஓர் அப்பா எழுந்து கடுமையாகப் பேசினார். நாளை என் பிள்ளைக்கும் இப்படி ஆனால் யார் பொறுப்பு என்று கேட்டார். "நான்தாங்க பொறுப்பு" என்றார் மிஸ். வேறு சமாதானம் சொல்லவில்லை. அடுத்த வாரமே இரண்டு வீட்டுக்காரர்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பெயரை நீக்கச் சொல்லாமலே வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் மகளோடு வேறொரு தொல்லை. எதைத் தொட்டாலும் கையைக் கழுவிவிடு என்பாள். இட்லி மாவைக் கண்டால்கூடச் சமையலறையை விட்டு ஓடினாள். ஞாயிற்றுக்கிழமை காலை மிஸ் வந்து கதவைத் தட்டியபோது நான் இதைத்தான் சொன்னேன். மறுபடி பள்ளிக்கு அனுப்புங்கள் என்று அவர் கேட்கவில்லை. யானையை முடிக்காமலே விட்டுவிட்டாள், அதை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகலாமா என்று மட்டும் கேட்டார். கையில் ஒரு பீட்ரூட்டும் கொஞ்சம் மஞ்சளும் இருந்தன. மாவு கொண்டுவரவில்லை.

"மாவு மெஷின்ல அரிசி, கோதுமை எல்லாம் ஒண்ணாத்தான் அரைக்கிறாங்க, அக்கா. ஒட்டினு வந்துட்டா இன்னா பண்றது? உங்க வீட்டு அரிசியையே உங்க மிக்ஸியிலயே அரைக்கலாம்" என்றார்.

அந்த நிமிஷம்தான் என் கோபம் முழுவதும் கரைந்தது. ஒரு தடவை பட்டவர் எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார்!

அரிசியை ஊறவைத்து, துணியில் உலர்த்தி, அரைத்துச் சலித்தோம். அவர் முதலில் பச்சைத் தண்ணீரில் பிசைந்தார். மாவு கையில் பிடிபடாமல் உதிர்ந்தது. கொழுக்கட்டைக்குக் கிளறுவதுபோல் செய்து பார்க்கலாம் என்றேன் நான். கொதிக்கிற தண்ணீரில் உப்பும் எண்ணெயும் விட்டு, மாவைக் கொட்டிக் கிளறி, சூடு பொறுக்கிற பதத்தில் இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பிசைந்தோம். பட்டுப்போல் வந்தது. ஒரு பங்கில் பீட்ரூட் சாறு, ஒரு பங்கில் மஞ்சள். காயாமல் இருக்க ஈரத்துணி போட்டு மூடினோம்.

மகள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றாள். மிஸ் அவளைக் கூப்பிடவில்லை. தரையில் உட்கார்ந்து தன்பாட்டுக்கு மஞ்சள் மாவில் ஒரு மலை செய்தார்.

"இது அரிக்குமா, மிஸ்?" என்று தூரத்திலிருந்தே கேட்டாள் மகள்.

"இது அம்மாவும் நானும் அரிசியில செஞ்சது. அரிக்காதுன்னுதான் நினைக்கிறேன். உனக்கு பயமா இருந்தா தொட வேணாம், கண்ணு. நான் செய்றதப் பாரு."

அரிக்கவே அரிக்காது என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். மூன்றரை வயதுக் குழந்தையிடம்கூட அவர் தெரிந்ததை மட்டுமே சொன்னார். மகள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல வந்து மலையின் உச்சியை ஒரு விரலால் அழுத்தினாள். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் மலை முழுவதும் அவள் கைக்குள் போய்விட்டது. மதியம் சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை.

அடுத்த நாள் அவளை அதே பள்ளியில் விட்டுவிட்டுத்தான் நான் ரயிலேறினேன். கணவரும் மறுக்கவில்லை. இப்போது அங்கே பிள்ளைகள் எல்லோருக்கும் அரிசி மாவுதான். மாதத்துக்கொரு தடவை எங்கள் சமையலறையில்தான் கிளறுகிறோம். நின்றுபோன பிள்ளைகளில் ஒருவன் திரும்பி வந்துவிட்டான்.

கம்பெனியில் என் கை தவறி ஏதாவது ஒரு பீஸ் கெட்டுப்போனால், மடித்து அடியில் வைத்துவிடலாமா என்று இப்போதும் ஒரு கணம் மனம் தடுமாறத்தான் செய்கிறது. அந்தக் கணத்தில், தன் பள்ளிக்கூடமே போய்விடும் என்று தெரிந்தும் 'என்னாலதான் ஆச்சி' என்று சொல்லி என் மகளின் உயிரைக் காப்பாற்றிய அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்கிறேன். துணியைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக சூப்பர்வைசரிடம் நடந்துவிடுகிறேன்.