டிபனோடு முடிவான தீர்ப்பு

பட்டிமன்றத்தில் தீர்ப்பு மேடையில்தான் பிறக்கிறது என்று நீங்கள் நம்பிக்கொண்டிருந்தால், மன்னித்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் அது டிபன் சாப்பிடும்போதே முடிவாகிவிடும். நிகழ்ச்சி மாலையில் என்றால் மத்தியானம் சாய்ந்ததுமே, கூப்பிட்டவர் வீட்டில் கேசரியும் மெதுவடையும் வைப்பார்கள். நடுவர் வடையைப் பிட்டுக்கொண்டே, "இன்னைக்கு மனைவி பக்கம் குடுத்துடறேன், பொம்பளைங்க கூட்டம் ஜாஸ்தி" என்பார். தோற்கப்போகிற அணியும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு அடுத்த வடையை எடுக்கும். ஜெயித்த அணிக்குப் பொன்னாடை, தோற்ற அணிக்குத் துண்டு. வித்தியாசம் அவ்வளவுதான்.

நான் உடையார்பாளையம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். லீவு நாட்களில் பட்டிமன்றப் பேச்சாளர். பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் என்று கோயில் திருவிழா, பள்ளி ஆண்டுவிழா எதையும் விட்டதில்லை. சிரிக்க வைப்பேன் என்பதால் என்னைப் பெரும்பாலும் கடைசியில் பேச வைப்பார்கள். மாமியாரைக் கிண்டல் செய்யும்போது மாமியார்களே கைதட்டுவார்கள். எனக்கு அது பிடிக்கும். மேடையைவிட்டு இறங்கினால் எங்கள் வீட்டில் என் பேச்சை யாரும் காதில் வாங்குவதில்லை என்பதும் ஒரு காரணம்.

போன வருடம் பெரம்பலூரில் ஒரு வாசகர் வட்டத்துக்காரர்கள் புதுமையாக ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். 'ஒரு நாட்டு மக்கள் எழுச்சியில் அயல்நாட்டு அரசுகள் தலையிடலாமா, கூடாதா?' என்று தலைப்பு வைத்தார்கள். அப்போது எல்லா டிவியிலும் ஒரு நாடுதான் ஓடிக்கொண்டிருந்தது. விலைவாசிக்காகத் தெருவுக்கு வந்த ஜனங்கள், பிறகு அரசாங்கமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அரசாங்கம் சுட்டது. அந்த நாட்டின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அங்கே ஒருவர் இருக்கிறார், அவருக்கு என் எழுத்தால் ஒன்றும் வந்துவிடக் கூடாது.

என் தம்பியும் அப்போது அங்கேதான் இருந்தான். பிஸ்கட் கம்பெனியில் எலக்ட்ரீசியன். வாசகர் வட்டத்துக்காரர்களுக்கு இது தெரியாது. நடுவருக்கும் தெரியாது.

நடுவர் திருச்சிக்காரர், பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். நல்ல மனிதர், குரல் வெண்கலம். போன் செய்து, "டீச்சர், நீங்க 'தலையிடலாம்' அணி, கடைசிப் பேச்சு. அந்தப் பக்கத்துக்குத்தான் தீர்ப்பு குடுக்கப்போறேன்" என்றார். ஏன் சார் என்று கேட்டேன். "ரெண்டு மணி நேரம் ஒக்காந்திருக்குற ஜனம், காப்பாத்த ஒருத்தன் வந்தான்னு கேட்டாத்தானே சந்தோஷமா எந்திரிச்சிப் போவும்?"

நான் மறுக்கவில்லை. சொல்லப்போனால் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் அம்மா காலையில் டிவியைப் போட்டால், எந்த நாட்டு பிளேனாவது போய் அங்கே ஆட்சியில் இருக்கிற ஆளைத் தூக்கிவிட்டு என் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்க்காதா என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளைத் தேற்றுகிறேன் என்று நானும் அதையே சொன்னேன்.

அங்கே நெட்டை நிறுத்தி வைத்திருந்தார்கள். தம்பி எப்போதாவது ஒரு கடைக்காரரின் லேண்ட்லைனில் இருந்து பேசுவான். கம்பெனியில் எல்லாரும் ஸ்டிரைக்கில் இறங்கியதும் தங்கும் விடுதியைப் பூட்டிவிட்டார்களாம். அவனோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்த உள்ளூர்க்காரர் ஒருவர், "என் வூட்டுக்கு வா" என்று கூட்டிப்போய்விட்டார். தம்பி அவரைக் கூட்டாளி என்றுதான் சொல்வான். இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எங்கிருந்தோ வந்தவனுக்கு ஒரு அறை கொடுத்திருக்கிறார். பகலெல்லாம் கூட்டாளி போராட்டக்காரர்களோடு தெருவில் நிற்பார். சாயங்காலம் வந்து இவனுக்கும் சேர்த்து ரொட்டி சுடுவார்.

பட்டிமன்றத்துக்கு முந்தின வாரம் தம்பி பேசினான். குரல் சரியாக இல்லை.

"அக்கா, சண்டை பிளேன் அனுப்பப்போறோம்னு ஒரு நாடு ரேடியோவுல சொல்லிருச்சுல்ல?"

"ஆமா, இங்கயும் காட்டினாங்க. அம்மா சாமிக்கு வெளக்கேத்தியிருக்கு."

"நேத்து வரைக்கும் தெருவுல நிக்கிறவங்கள கலகக்காரன்னுதான் அரசாங்கத்துக்காரனுவ சொல்லிக்கிட்டிருந்தானுவ. இன்னைக்கி வெளிநாட்டுக் கைக்கூலின்னு சொல்றானுவ. வூடு வூடா தேடறானுவ. தெருவுல நின்னவங்கள்ல பாதிப் பேரு வரலக்கா. கைக்கூலின்னு பேரு வாங்க யாருக்குப் புடிக்கும்? இன்னொன்னு கேளு. எங்க தெருவுல போலீசு வீசுன கண்ணீர்ப் புகைக்குண்டு ஒன்னு வெடிக்காம கெடந்துச்சு. அதுல எழுதியிருந்த நாடு எது தெரியுமா? இப்ப காப்பாத்த வர்றேங்குதே, அதே நாடுதான்."

இந்தப் பழி எனக்குப் புதிதல்ல. வேறு வார்த்தையில் அதை என் முகத்துக்கு நேராகச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் வழியாகச் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும். அரியலூர் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அந்த வெள்ளைப் புழுதியைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு பெண் பிள்ளையை ஒரு லாரி அடித்துப்போட்ட அன்று, ஊர்ப் பெண்கள் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டோம். யாரும் கூப்பிடவில்லை, யாரும் நோட்டீஸ் அடிக்கவில்லை. பேச வந்த அதிகாரி முதலில் சொன்னது, "ஒங்கள வெளியூர்க்காரன் எவனோ தூண்டிவிட்டிருக்கான்." ரத்தம் கொதித்தது. செத்தது எங்கள் தெருப் பிள்ளை, அழுதது நாங்கள், இதில் தூண்டிவிட எவன் வேண்டும்?

ஆனால் மத்தியானத்துக்குள் உண்மையாகவே வெளியூர்க்காரர் வந்துவிட்டார். ஒரு கட்சிப் பிரமுகர், மைக் செட், கொடி, பொட்டலம் பொட்டலமாக பிரியாணி. எங்களுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எங்களுக்காகப் பேசினார். அதிகாரியோடு ஜீப்பில் போனார், திரும்பி வரும்போது கழுத்தில் மாலை இருந்தது. "போராட்டம் வெற்றி, எல்லாரும் வூட்டுக்குப் போங்க" என்றார். என்ன வெற்றி என்று கேட்டவளை அவரது ஆட்களே தள்ளிவிட்டார்கள். மறுநாள் லாரிகள் வழக்கம்போல ஓடின.

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. நாங்கள் ரோட்டில் இருந்தபோது லாரிகள் பக்கத்து ஊர் ஏரிக்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தன. அந்த ஊர்க்காரர்கள் மாட்டுவண்டி ஒன்றைக் குறுக்கே நிறுத்திவிட்டு, அச்சாணியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்களிடம் வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்காலி போடவில்லை. குடிக்கத் தண்ணீர் மட்டும் குடத்தில் அனுப்பினார்கள். எங்கள் சண்டையை எங்களிடம் விட்டுவிட்டு, அதைத் தோற்கடிக்கும் வழியை மட்டும் அடைத்தார்கள்.

போனில் இதையெல்லாம் நினைத்துக்கொண்டே தம்பியிடம் கேட்டேன். "ஒன் கூட்டாளிகிட்ட ஒன்னு கேட்டுச் சொல்றியா? நாங்கள்லாம் என்ன பண்ணணும்னு அவரு நெனக்கிறாரு?"

கடைக்குக் கூடவே வந்திருந்த கூட்டாளியோடு அவன் பேசுவது கேட்டது. பிறகு தம்பி சொன்னான். "மொதல்ல சிரிச்சாருக்கா. இதுவரைக்கும் இத யாரும் எங்கள கேக்கலன்னாரு. புகைக்குண்டு விக்கிறத நிறுத்தச் சொல்லு, காயம்பட்டவன் போறதுக்குப் பக்கத்து நாட்டு எல்லையத் தொறந்துவிடச் சொல்லு, நெட்ட எப்படியாச்சும் வரவைக்கச் சொல்லு, மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்ங்கறாரு. பிளேன மட்டும் அனுப்பாதீங்கன்னு ரெண்டு தடவ சொன்னாரு."

மறுநாளே நடுவருக்குப் போன் செய்து, "சார், என்னை எதிரணியில போடுங்க" என்றேன். "பேச்சு வேற, நெனப்பு வேற டீச்சர். இத்தன வருஷமா மாமியார திட்டுறீங்க, ஒங்க மாமியார்கிட்ட நல்லாத்தானே இருக்கீங்க?" என்று சிரித்தார். அது உண்மைதான். நிகழ்ச்சியன்று டிபன் சாப்பிடும்போது மறுபடியும் சொன்னேன். "நோட்டீஸ்ல பேரு வந்துருச்சு. புருஷன் பொண்டாட்டிய அடிக்கறப்ப பக்கத்து வூட்டுக்காரன் வந்து தடுக்குற மாதிரி ஒரு கதை சொல்லுங்க, கூட்டம் அள்ளிரும்" என்றார். அன்று கேசரியை நான் தொடவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. குரும்பலூர் காலேஜ் பிள்ளைகள் பின் வரிசையில் நின்றார்கள். எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகவே பேசினார்கள், கூட்டமும் சிரித்தது. என் முறை வந்ததும் மைக்கைப் பிடித்தேன்.

"தலையிடலாம்னு பேச வந்தவ நான். பேசப்போறதில்ல. என் தம்பி அந்த நாட்டுலதான் இருக்கான்" என்று ஆரம்பித்தேன். சிரிப்பு அடங்கிவிட்டது. லாரியைச் சொன்னேன், மாலையோடு வந்த பிரமுகரைச் சொன்னேன், மாட்டுவண்டியைச் சொன்னேன். புகைக்குண்டில் எழுதியிருந்ததைச் சொன்னேன். கூட்டாளி கேட்டதை ஒன்று விடாமல் சொன்னேன். "இங்க எல்லாரும் அவங்களுக்காகப் பேசறோம். காப்பாத்தறேன்னு வர்றவன் அவங்கள ஒரு வார்த்தை கேட்டானா? கேக்காம வர்றவன் அவங்களுக்காக வரல, அவனுக்காக வரான்" என்றேன். நடுவர் மணியை அடித்தார். நான் நிறுத்தவில்லை. இன்னொரு முறை அடித்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

பின் வரிசையில் நின்ற ஒரு பெண் கையைத் தூக்கினாள். பட்டிமன்றத்தில் கூட்டத்தில் இருந்து கேள்வி கேட்கிற வழக்கமே இல்லை. "அப்ப, சுட்டுக்கிட்டே இருந்தா நாம பாத்துக்கிட்டே இருக்கணுமா மேடம்?"

"பாத்துக்கிட்டு இருக்கச் சொல்லலம்மா. வண்டிய குறுக்க நிறுத்தத்தான் சொல்றேன்" என்றேன். அவள் தலையாட்டினாள், ஆனால் முகம் தெளியவில்லை. வண்டியை நிறுத்தியும் அவன் சுடுவதை நிறுத்தாவிட்டால்? அந்தக் கேள்விக்கு முழுப் பதில் என்னிடம் இருப்பதாக இன்றும் நான் சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் பதில் இல்லை என்பதற்காக குண்டைப் பதிலாக ஏற்றுக்கொள்ளவும் மாட்டேன்.

பிறகு நடுவர் எழுந்தார். டிபனோடு முடிவான தீர்ப்பு அல்லவா, அதை அப்படியே வாசித்தார். தலையிடலாம் என்ற அணியே வென்றதாம். அந்த அணியின் கடைசிப் பேச்சாளர் தலையிடவே கூடாது என்று தொண்டை கிழியக் கத்தி முடித்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கூட்டம் குழம்பிப்போய்க் கைதட்டியது. எனக்கு ஒரு மஞ்சள் பொன்னாடையைப் போர்த்த வந்தார்கள்.

நான் பின்னால் நகர்ந்துகொண்டேன். "ஜெயிச்சவங்களுக்குத்தானே இது? எனக்குத் துண்டு குடுங்க" என்று மைக்கிலேயே சொன்னேன். யாரும் துண்டும் கொடுக்கவில்லை. பொன்னாடையை நாற்காலி முதுகில் போட்டுவிட்டுப் போனார்கள். நான் அதைத் தொடாமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

அதன்பிறகு எனக்கு மேடைகள் குறைந்தன, பிறகு நின்றே போயின. ஒரே ஒரு முறை நடுவர் போன் செய்தார். "பழச மறந்துடுவோம் டீச்சர். குடும்பத் தலைப்பு, நீங்கதான் ஜெயிக்கிறீங்க" என்றார். "கேட்டுட்டு தீர்ப்பு சொல்லுங்க சார், வரேன். தோத்தாலும் பரவால்ல" என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது. எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் நாளைக்கே மைக்கைக் கொடுத்தாலும் அதையேதான் பேசுவேன்.

பட்டிமன்றம் முடிந்த சில நாட்களில், அங்கே மாட்டிக்கொண்டிருந்த நம் ஆட்களைக் கூட்டிவர நம் அரசாங்கம் விமானம் அனுப்பியது. தம்பி வந்து சேர்ந்தான். இளைத்துப்போயிருந்தான், கையில் ஒரு பைகூட இல்லை. அம்மா அவன் கன்னத்தைத் தடவித் தடவி அழுதாள். கோழி அடித்துக் குழம்பு வைத்தாள்.

அவன் இலை முன்னால் உட்கார்ந்திருந்தபோது டிவியில் காட்டினார்கள். காப்பாற்ற வருகிறேன் என்ற நாடு சொன்னபடியே குண்டு போடும் விமானங்களை அனுப்பிவிட்டது. புகை எழும்பிய இடத்தைப் பார்த்து, அது கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் காலனி என்றான். கூட்டாளியின் வீடு அங்கேதான். எழுந்துபோய்க் கடைக்காரரின் நம்பருக்குப் போட்டான். மறுபடி போட்டான். மணி அடிக்கவே இல்லை. அதன்பிறகு தினமும் போட்டுப் பார்க்கிறான், இன்றுவரை லைன் கிடைக்கவில்லை.

அன்று அம்மா, "நீ வந்துட்டல்லடா, அது போதும். சாப்புடு" என்றாள்.

அவன் சோற்றில் கையை வைத்தபடி டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் ஏறி வர ஒரு பிளேன் வந்துச்சும்மா. அவரு தலைக்கி மேலதான் வந்துச்சு" என்றான்.