மெஷின் மேல் திருப்பிய சீட்டு

தெருவில் அவளுக்கு இரண்டு பெயர்கள். துணி தைக்க வருகிறவர்களுக்கு டெய்லரக்கா, டாரட் சீட்டில் பலன் பார்க்க வருகிறவர்களுக்குச் சீட்டக்கா. கடை ஒன்றுதான். முன்னால் துணி வெட்டும் அகலமான மேசை. பின்னால், சுவரை ஒட்டி, தையல் மெஷின். வயது நாற்பத்தொன்று. கல்யாணமே வேண்டாம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

வெட்டும் மேசையில்தான் மற்றவர்களுக்குச் சீட்டு பார்ப்பாள். படத்தில் இருப்பவன் தலைகீழாக வந்துவிட்டால் எதிரே இருப்பவருக்கு முகம் வெளுத்துவிடும்.

"எதுக்கு இப்படி முழிக்கிறீங்க? தலைகீழா வந்தா இல்லைன்னு அர்த்தம் இல்ல. மெதுவா வருதுன்னு அர்த்தம்."

வேலை தேடுகிறவனுக்கும் இதுதான், வீட்டுக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவளுக்கும் இதுதான். சிரித்துக்கொண்டே எழுந்து போவார்கள். தனக்குப் பார்க்கும்போது மட்டும் இந்தத் தாராளம் கிடையாது. தலைகீழா, கூடாது. அவ்வளவுதான்.

மூன்று கடை தள்ளி புத்தக பைண்டர். நகக்கண்ணில் எப்போதும் காய்ந்த பசை. இரண்டு வருடம் முன்பு, இடுப்பு பிடிக்கச் சொல்லி பேன்ட் கொண்டுவந்தவர், அளவு கொடுத்துவிட்டு அதே மூச்சில், "என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டார். அவர் போனபின் மெஷின் முன் தனியாக உட்கார்ந்து ஒரு சீட்டு எடுத்தாள். இரண்டு கோப்பை. ஆணும் பெண்ணும் ஆளுக்கொரு கோப்பையோடு எதிரெதிரே நிற்கும் படம், ஆனால் தலைகீழ். வேண்டாம் என்றாள். போன வருடம் மறுபடி கேட்டார். சூரியன் வந்தது. அதுவும் தலைகீழ்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஓரம் பிய்ந்த சீட்டுகளை வாங்கிப் போய் ஒட்டிக் கொடுத்தார்.

இப்போது அவர் கடை இருக்கும் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். காலையிலேயே வந்து நின்றார்.

"உங்க எதிர்க்கடை காலியா இருக்கு. நீங்க சரின்னா எடுத்துக்கறேன். இல்லேன்னா அண்ணன் ஊருக்கே போயிடறேன். இன்னிக்குச் சொல்லணும்."

பட்டன் தைத்துக்கொண்டிருந்த அவள் தங்கை தலையைத் தூக்காமல், "சீட்டைக் கேக்காம அவ தண்ணிகூடக் குடிக்க மாட்டா சார்" என்றாள்.

"நீ வாயை மூடு."

மேசையில் கோடு போட்ட துணி விரிந்திருந்தது. மெஷின் மேலேயே கலைத்து ஒன்றை எடுத்தாள். சூரியன். தலைகீழ்.

"எப்பவும் இப்படித்தான் திருப்புவீங்களா?" என்றார் பைண்டர்.

"எப்படி?"

"கீழேருந்து மேல தூக்கி, காலண்டர் தாள் மாதிரி. மேசையில எல்லாருக்கும் பக்கவாட்டுலதானே திருப்புவீங்க, புத்தகம் புரட்டுற மாதிரி? தூக்கித் திருப்பினா நேரா இருக்கறதும் தலைகீழாத்தான் வரும். என்கிட்ட புதுசா வேலைக்கு வர்றவங்க பாதிப் புத்தகத்தை இப்படித்தான் தலைகீழா தைச்சு வைப்பாங்க."

அவள் சீட்டை, தூக்கிய மாதிரியே திரும்பக் கவிழ்த்தாள். பக்கவாட்டில் திருப்பப் பார்த்தாள். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் மெஷின் சக்கரம், முழங்கை இடித்தது. எழுந்து நின்று திருப்பினாள். சூரியன் நேராக இருந்து பல்லைக் காட்டியது.

"அடிப்பாவி!" தங்கை ஊசியைப் போட்டுவிட்டாள். "ரெண்டு வருஷமா சரி சரின்னு வந்ததையா வேண்டாம்னு சொன்னே?"

அவள் முன்னால் வந்து மேசைத் துணியைச் சுருட்டி ஓரம் தள்ளினாள். நன்றாகக் கலைத்து, ஒரே ஒரு சீட்டை, புத்தகம் புரட்டுவதுபோல் திருப்பினாள்.

இரண்டு கோப்பை. தலைகீழ்.

பைண்டர் நகத்தில் இருந்த பசையைச் சுரண்டினார். "சரிங்க. நான் வரேன்."

"உக்காருங்க" என்றாள். "தலைகீழா வந்தா இல்லைன்னு அர்த்தம் இல்ல."

"பின்னே?"

"மெதுவா வருதுன்னு அர்த்தம்."

"இன்னும் மெதுவாவா?" என்றார் அவர்.

"ரெண்டு வருஷம் போதாதா? இதுக்கு மேல மெதுவா எங்கேருந்து வரும்? போய் எதிர்க்கடைச் சாவியை வாங்கிட்டு வாங்க."

அவர் எழுந்து கதவை நோக்கி ஓடினார்.

"மாமா!" என்று கத்தினாள் தங்கை. அவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்றும் பார்த்துக்கொண்டார். "உங்களைத்தான். போறதுக்கு முன்னால ஒரு கை பிடிங்க. இந்த மெஷினைச் சுவத்தைவிட்டுக் கொஞ்சம் நகர்த்தணும்."